வாங்க என்று கேளாத வாசல்

என் கடையில் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய கல்யாணப் பதிவுகளில் ஒன்றில், மணமேடையும் மாவிலைத் தோரணமும் நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னமும் வந்து போன பிறகு, திடீரென்று திரை முழுவதையும் ஓர் உள்ளங்கை அடைத்துக்கொள்கிறது. நில அளவைச் சங்கிலியை இழுத்து இழுத்துக் காய்த்துப் போன கை. விரலிடுக்கில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது லென்ஸின் மேல் அப்படியே பதிய, படம் இருண்டு குரல் மட்டும் கேட்கிறது. “ஏலே வீடியோ, அங்கிட்டு ஒதுங்கு. கல்யாணம் பாக்க வந்தவுக உன் முதுகையா பாத்துட்டுப் போவாக?” அதே நேரத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. கை விலகும்போது மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தாலி கட்டும் காட்சி இல்லாத கல்யாண வீடியோவை எடுத்த ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். பெண் வீட்டார் அதற்காக என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் அந்தப் பதிவை இன்றுவரை நான் அழிக்கவில்லை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எங்கள் பக்கத்து சர்வேயர். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. சர்வேயர் என்றால் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை தெரியும். கருவேலங்காட்டுக்குள் வெயிலோடு வெயிலாக அலைந்து நிலம் அளந்தவர். அண்ணன் தம்பி வரப்புச் சண்டைகளில் இரண்டு பக்கத்து வசவையும் ஒன்றுபோல வாங்கிக்கொண்டு கல் நட்டவர். அதனாலேயே எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் அவருக்கென்று ஒரு கல்யாணப் பத்திரிகை உண்டு. பத்திரிகை கொடுத்த வீட்டுக்கெல்லாம் அவர் ஒரு வாழ்த்துப்பா எழுதுவார். அதை வழவழப்பான தாளில் பூக்கரை போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் மாட்டி, தாலி கட்டி முடிந்ததும் மேடையேறி மைக்கில் தானே வாசித்துவிட்டு மணமக்கள் கையில் கொடுப்பார். இந்தப் பக்கத்தில் அப்படி வாழ்த்து மடல் வாசிக்கிறவர்கள் ஏராளம். மற்றவர்கள் மணமகளை நிலவென்றும் மணமகனைக் கதிரென்றும் பாடிவிட்டுப் பந்திக்குப் போவார்கள். சர்வேயர் முதல் நான்கு வரி வாழ்த்துவார். அடுத்த நான்கு வரி ஊரைத் திட்டுவார். திட்டை வாங்கிக்கொள்ளவே தனியாக ஒரு கூட்டம் பந்திக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. நான் ஃபோகஸ் லைட்டும் தோளில் கேமராவுமாக மணமேடையை மறைத்துக்கொண்டு நிற்பவன். அவர் பின்வரிசைக்காரர்களின் சார்பில் என்னோடு சண்டைக்கு வருபவர். என்னைக் குறிவைத்தே அவர் எழுதிய வரிகள் உண்டு. ஒருமுறை, அக்கினியை வலம் வருவதற்குப் பதிலாக இந்தப் பயலை வலம் வருகிறார்களே என்று பாடி மண்டபத்தையே சிரிக்க வைத்தார். கோபத்தோடு படம் பிடித்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மணமக்கள் என்னைச் சுற்றித்தான் வந்திருந்தார்கள். பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டுதான் காலை ஊன்றுவேன். சாப்பாட்டு நேரத்தில் அவரே தேடி வந்து என் பக்கத்து இலையில் உட்காருவார். இப்படித்தான் பழக்கமானோம்.

அவருடைய கோபம் முழுக்க ஒரே ஒரு சொல்லைச் சுற்றித்தான் இருந்தது. அது “வாங்க” என்ற சொல். எங்கள் சீமையில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, இந்தச் சொல்லுக்குப் பஞ்சம் வந்ததில்லை. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் வீட்டாள் ஒருவர் வாங்க என்று கேட்க வேண்டும், வரவேற்பதை எங்கள் பக்கத்தில் கேட்பது என்றுதான் சொல்வோம். கேட்டால்தான் வந்தவர் படியேறுவார். கல்யாண வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லாததால் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போன தாய்மாமன்களை நான் படமே எடுத்திருக்கிறேன். தலைமுறைப் பகைகள் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் நிலமோ நகையோ இருக்காது. “வாசல்ல நின்னேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல” என்பதுதான் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். எங்களுக்கு இதில் வேடிக்கை எதுவும் கிடையாது. ஒருவரை மனிதராக மதிக்கிறோமா என்பதற்கு இதைவிட எளிதான, கைக்காசு செலவில்லாத அடையாளம் ஒன்று இருப்பதாக எனக்கும் தெரியவில்லை.

அந்தச் சொல் மண்டபங்களிலிருந்து எப்படிக் கழன்று போனது என்பதை நான் கேமராவின் கண் வழியாகவே பார்த்தேன். முதலில் வரவேற்புக்கு ஆள் வைத்தார்கள். ஒரே நிறத்தில் பாவாடை தாவணி கட்டிய, மதுரையிலிருந்து வேனில் வந்திறங்கும் பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். அப்புறம் கரடி வேஷம் போட்ட ஒருவர் வாசலில் நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் மேடையில் எங்கள் கேமராவுக்கு வாகாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை கைப்பேசியில் வந்தது, நன்றியும் கைப்பேசியில் போனது. ஊரிலிருந்து பஸ் மாறி வந்த சொந்தக்காரர், பன்னீரைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த முகம் ஒன்றாவது கிடைக்குமா என்று மண்டபத்துக்குள் அலைந்துவிட்டு, சாப்பிட்டுப் போய்விடுவார். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பார் சர்வேயர். இருக்கட்டும். கேமராவைக் கொண்டுவந்தவன் நான்தான், வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலை விட்டுவிட்டு அதன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ராமநாதபுரத்தில் ஓர் அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில்தான், பின்னால் ஊரெல்லாம் பரவிய அந்தப் பாட்டை அவர் படித்தார். பெரிய மண்டபம். ட்ரோன் பறந்தது. வாசலில் கரடி இருந்தது. சர்வேயர் குடும்பத்தோடு வந்து நெடுநேரம் நின்றிருக்கிறார், ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டோடு அவருக்கு இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மில்காரரின் தம்பி மகனுக்குச் சர்வேயரின் ஒரே மகளைக் கேட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட முடிந்த இடம். ஆகவே அன்று அவர் வாயை அடக்குவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மேடையேறி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுதிக்கொண்டு வந்ததைப் பார்க்காமல் சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

வந்தவரை வாங்கவென்று கேளாத வாசல்
வாழைமரம் கட்டினாலும் வாழ்வில்லா வாசல்
சந்தனமும் பன்னீரும் ஆள்வைத்துத் தெளித்தால்
சாவுவீட்டு மௌனத்தைச் சரிக்கட்ட லாமோ?

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்காது. இங்கே வாங்க என்று கேட்காத வீடு ஒன்றே ஒன்றுதான், அது துக்க வீடு. அங்கே வருகிறவரை யாரும் வரவேற்கக்கூடாது. புறப்படுகிறவரும் போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் வந்து பேசாமல் போக வேண்டும், மீறினால் சாவு மறுபடி வரும் என்பார்கள். மாலையும் கழுத்துமாக மணமக்கள் நிற்கும் மேடையில், இது எழவு வீடு என்று மைக்கில் சொன்னதற்குச் சமம் அந்த நான்கு வரி. யாரோ மைக்கை நிறுத்தினார்கள். ஒரு பாட்டி வாயில் கைவைத்துக்கொண்டார். பின்வரிசையில் மட்டும் கைதட்டல் கேட்டது, அதை நான் பதிவு செய்தேன். சர்வேயர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி, சாப்பிடாமல் வெளியேறினார். அந்த வாரமே மகளின் சம்பந்தம் முறிந்தது.

பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. யாரோ அதை ரோஜாப்பூப் படத்தின் மேல் அச்சடித்து அனுப்ப, கைப்பேசி கைப்பேசியாக ஓடி, வாழ்நாளில் ஒருவரையும் வாங்க என்று கேட்டறியாதவர்களெல்லாம் காலை வணக்கத்தோடு அதை எனக்கு அனுப்பினார்கள். மகள் சென்னையிலிருந்து போனில் அழுததைச் சர்வேயர் ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னார். உங்க பாட்டுக்குப் பலி குடுக்க நான்தான் கெடச்சேனாய்யா என்று கேட்டாளாம். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். பாட்டு தப்பு என்று அவர் நினைக்கவில்லை, மகள் கேட்டதும் தப்பில்லை, இரண்டுக்கும் நடுவில் கல் நடத் தெரியவில்லை என்றார். அவர் அப்படித் தோற்ற குரலில் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

புகழ் வந்ததும் அவருக்கும் கொஞ்சம் தலை கனத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்கிற இடத்திலெல்லாம் அந்தப் பாட்டைப் பாடினார். முன்னால் புதிதாக இரண்டு வரியும் சேர்த்தார். அன்றிருந்த வாசலிலே அனைவரையும் வாங்கவென்றோம், இன்றிருக்கும் வாசலிலே எவரையுமே கேட்பதில்லை என்று தொடங்கும். முந்தைய காலம் பொன், இந்தக் காலம் தகரம் என்று பேச ஆரம்பித்தால் எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் கிடைக்கும். திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு காலனியில் நடந்த கல்யாணம் வரைக்கும் அந்த இரண்டு வரி ஓடியது. அங்கே வீட்டுமனைகளை அளந்து பட்டாவுக்கு வழி செய்தவர் அவர். அந்த மரியாதையில் அழைத்திருந்தார்கள். வாசலில் பெண்ணின் தகப்பனாரே நின்று ஆளாளுக்கு வாங்க சொன்னார். சர்வேயருக்குப் பரம சந்தோஷம். மேடையேறி அழகாகப் பாடினார். மணப்பெண் பள்ளிக்கூட ஆசிரியை. பாட்டு முடிந்ததும் அவரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“பாட்டு நல்லாருக்கு சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அனைவரையும் வாங்கன்னு கேட்டோம்னு பாடுனீக. எங்க தாத்தாவை உங்க ஊர்ல எந்த வாசல்ல வச்சுக் கேட்டாக? கொல்லைப்பக்கமா வரச் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். இல்லாத ஒண்ணு எப்படி சார் தொலையும்?”

மாலைக்குள் கழுத்து புதைந்திருந்த பெண் அதைக் கோபமில்லாமல், வகுப்பில் கணக்கு கேட்பதுபோலக் கேட்டார். நான் கேமராவைச் சர்வேயரின் பக்கம் திருப்பினேன். இத்தனை வருஷம் எதிர்க்கேள்வியே வராத இடத்தில் நின்று பேசியவர் அவர். முகம் சிவந்தது. மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “டீச்சர் கேக்குறது சரி. பாட்டுல பொய் இருக்கு. இதை எடுத்துட்டுப் போறேன், மாத்திக் கொண்டாரேன்” என்றார். சொன்னபடி, கொடுத்த வாழ்த்து மடலைச் சட்டத்தோடு திரும்ப வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். கல்யாணத்தில் கொடுத்ததைத் திரும்ப எடுத்துப் போனவரை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்திருக்காது. மாப்பிள்ளை சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, புதுச் சட்டம் போட்ட மடலோடு அந்த வீட்டுக்குப் போனார். வழி நெடுக எதுகை சரியாக இருக்கிறதா என்று என் காதில் கத்திக்கொண்டே வந்தார். எனக்கு எதுகையும் தெரியாது, காற்றில் பாதி கேட்கவும் இல்லை. டீச்சர் படலுக்கு வெளியிலேயே மடலை வாங்கி, நின்றபடி படித்தார். பழைய இரண்டு வரி போயிருந்தது. அதற்குப் பதிலாக இப்படி இருந்தது.

அன்றுமிந்த வாசலிலே அனைவருமே நுழைந்ததில்லை
இன்றாவது சொல்லுங்கடா எல்லோர்க்கும் வாங்கவென்று

படித்து முடிக்கும்வரை அந்தப் பெண் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. சர்வேயரும் செருப்பைக் கழற்றவில்லை. அப்புறம் டீச்சர் தலையைத் தூக்கி, “வாங்க சார்” என்றார். எனக்குத் தெரிந்து அவர் அதுவரை எழுதியதெல்லாம் பழசு போயிற்றே என்ற புலம்பல்தான். அந்த இரண்டு வரிக்குப் பிறகுதான் அவர் பாட்டுக்குப் பல் முளைத்தது. இழந்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்பதைவிட, கொடுக்காமலே வைத்திருந்ததை இப்போதாவது கொடு என்று கேட்பது வலுவானது. இதை இப்போது நான் நிச்சயமாகச் சொல்கிறேன். ஊருக்குள் சிலர் அதற்குப் பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. சென்னையில் உடன் வேலை பார்த்த பையன், சென்னைக் குடும்பம். கல்யாணம் ராமநாதபுரத்தில்தான் என்று சர்வேயர் பிடிவாதமாக இருந்தார். மற்றதெல்லாம் மகள் விருப்பம் என்று விட்டுக்கொடுத்தார். மகள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அன்னைக்கு ஒருநாள் மட்டும் கவிதை வேணாம்யா.” ஒருமுறை முறிந்ததைப் பார்த்தவள், அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. சர்வேயர் சரிம்மா என்று ஒப்புக்கொண்டார். தான் வாசலில் நின்றுவிட்டால் பாட்டுக்கு அவசியமே இல்லை என்று என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னார். சென்னையிலிருந்து பெரிய கேமராக் குழு ஒன்று வந்திருந்தது. அவருடைய வற்புறுத்தலில் நானும் ஒரு மூலையில் கேமராவோடு நின்றேன்.

கணக்கு தப்பிவிட்டது. கல்யாணத்தை நடத்த வந்த நிறுவனத்தார் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தார்கள். சர்வேயர் விடிந்ததும் வாசலுக்குப் போய் நின்றார். உடனே ஒரு பையன் ஓடிவந்து அவரை மேடைக்கு அழைத்துப் போனான். குடும்பத்தோடு படம், மாப்பிள்ளை வீட்டாரோடு படம், அப்பாவும் மகளும் நடந்து வருவதுபோல ஒரு படம், அதையே இன்னொருமுறை. அவர் நழுவி நழுவி வாசலுக்குப் போவதும், அவர்கள் பிடித்துக்கொண்டு வருவதுமாக இருந்தது. கடைசியில் சடங்குக்கு மணையில் உட்காரவைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வேன்கள் வந்து நின்றன. திருப்புல்லாணிப் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் இறங்கினார்கள். தொண்டியிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர் மரைக்காயர் பேரன் பேத்திகளோடு இறங்கினார். காலனிக்காரர்களை அழைத்துக்கொண்டு டீச்சர், இடுப்பில் குழந்தையோடு வந்தார். வாசலில் பன்னீரும் கரடியும் இருந்தன. வீட்டாள் ஒருவரும் இல்லை. டீச்சர் வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டார். அவர் நின்றதைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள்.

மணையிலிருந்த சர்வேயர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எத்தனையோ கல்யாணத்தில் அவர் திட்டிய திட்டெல்லாம் அவர் வீட்டு வாசலில் வந்து வரிசையாக நின்றது. மேடையில் மைக் இருந்தது. மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. கொடுத்த வாக்கு ஒரு பக்கம், வாசல் ஒரு பக்கம். அவர் எழுந்தார். வழியில் என் கேமரா நின்றது. பழைய வழக்கப்படி உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்து என்னை ஒதுக்கினார். மைக்கை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை.

“திருப்புல்லாணிக்காரவுக, வாங்க. தொண்டி மரைக்காயர், வாங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. டீச்சர், வாங்க. காலனிக்காரவுக எல்லாரும் வாங்க, முன்னாடி வந்து உக்காருங்க. பரமக்குடி மச்சான், அங்கன ஏன் நிக்கிறீக, வாங்க.”

நாதஸ்வரம் நின்றுவிட்டது. அவர் ஆள் ஆளாக, ஊர் ஊராகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனார். அளந்த நிலங்களெல்லாம் நினைவிருந்ததுபோல ஒருவரையும் விடவில்லை. கேட்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி, வாரோம் என்று சொல்லி உள்ளே வந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். முன்வரிசை சோபாக்களில் மாப்பிள்ளை வீட்டார் என்ன நடக்கிறது என்று புரியாமல் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மெல்ல எழுந்து மேடையோரம் வந்தார். அவர் சர்வேயரைப் பார்த்து, எங்களை மட்டும் கேட்கவே இல்லையே என்றார். நேற்றிலிருந்து அவரையும் ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது. சர்வேயர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, “வாங்க சம்பந்தி” என்றார்.

சடங்கு முடிந்து கூட்டம் பந்திக்குப் போன பிறகு மகள் அவரிடம், கவிதை வேண்டாம் என்று சொன்னேனே என்று கேட்டது என் காதில் விழுந்தது. “கவிதை எங்க படிச்சேன் தாயி? வந்தவுகளை வாங்கன்னு கேட்டேன்” என்றார். அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுதியவற்றிலேயே சிறந்தது அன்று மைக்கில் சொன்னதுதான் என்று நான் இன்றும் வாதாடுவேன், அதில் எதுகை மோனை ஒன்றும் இல்லாவிட்டாலும். ஆனால் அந்தப் பெண் அதை மன்னித்தாளா என்பது எனக்குப் பல காலம் தெரியாமலே இருந்தது.

சர்வேயர் போன ஆண்டு காலமானார். சாகிறவரை தெம்பாகவே இருந்தார். முதல்நாள் மாலைகூட என்னோடு போனில் ஒரு வரியைப் பற்றிச் சண்டை போட்டார். வெளிநாட்டில் இருந்த மருமகனுக்கும் மற்றவர்களுக்கும் நேரலையில் காட்ட வேண்டும் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். துக்க வீட்டுக்குக் கேமராவோடு போவதெல்லாம் இப்போது எங்கள் தொழிலில் சகஜம். மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், வாசலைப் பார்த்து முக்காலியில் கேமராவைப் பொருத்தினேன். வழக்கப்படி என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரைக் கிடத்தியிருந்த கூடத்தைப் பார்த்தேன். அடுத்து என்ன சொல்லி என்னை ஒதுக்கப் போகிறார் என்று மனம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது, அதுதான் தாங்கவில்லை.

வெயில் ஏறியதும் ஊர் ஊராக வந்தார்கள். தலையைக் குனிந்தபடி, வாய் திறக்காமல் வந்து, மாலையை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். அத்தனை பேர் கூடியும் யாரும் யாரையும் கேட்காத வாசலாக அது இருந்தது. மரைக்காயர் ஒரு நாற்காலியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது காலனியிலிருந்து வேன் வந்தது. துக்கத்துக்கு வந்தாலும் தெருமுனையிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போவது அவர்களில் பெரியவர்களுக்கு இன்னும் பழக்கம். அன்றும் அங்கேயே நின்றார்கள். டீச்சர் மட்டும் முன்னால் வந்து, பின்னால் பார்த்து, அவர்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல் தயங்கினார். மகள் அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். கலைந்த தலையோடு வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, அவர்கள் நின்ற இடம் வரைக்கும் போனாள்.

“வாங்க” என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

கூட்டம் அசைந்தது. பெரியப்பா முறையுள்ள ஒருவர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். “எழவு வீட்டுல வாங்கன்னு கேக்கப்படாது தாயி.”

“எங்க அய்யா கெடக்குற வாசல் பெரியப்பா. இந்த வாசல்ல கேக்காம எந்த வாசல்ல கேக்குறது?”

அவர் கையை விட்டுவிட்டார். அவள் மறுபடி திரும்பி, வாங்க டீச்சர், வாங்க தாத்தா, வாங்கத்தா, உள்ள வாங்க என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். அவள் அழவில்லை. அவர்கள் அழுதார்கள். தெருமுனையில் நின்ற பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டப் போய், டீச்சர் வேண்டாமென்று தலையசைக்க, தோளிலேயே போட்டுக்கொண்டு, தெருவின் நடுவழியாக நடந்து, முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் போனார்கள். கேமராவின் சின்னத் திரையில் அது ஓடிக்கொண்டிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. உலகமெங்கும் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன காரணம் சொல்வது என்று யோசிக்காமல், என் உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்தேன். பிறகு கேமராவை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, கொஞ்ச தூரம் போய், வேனில் வந்தவர்களின் கடைசி ஆளாகத் திரும்பி நடந்து வந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் காலையிலிருந்தே அங்கே இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

“வாங்கண்ணே” என்றாள்.

அன்று மாலை எல்லாம் முடிந்து புறப்படும்போது, போய்ட்டு வாரேன்மா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அப்படிச் சொன்னதால் அந்த வீட்டுக்குக் கெட்டது எதுவும் நடக்கவில்லை. நடக்காது என்று எனக்கு அப்போதே தெரியும்.

இப்போதும் வாரம் தவறாமல் கல்யாணங்களுக்குப் போகிறேன். கரடிகள் அப்படியேதான் இருக்கின்றன. நான் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மேடைக்குப் போகும் முன் கேமராவை வாசலில் நிறுத்திக்கொண்டு, வீட்டாள் ஒருவர் வந்து நிற்கும்வரை நகர மாட்டேன் என்கிறேன். முதல் படம் அங்கேதான் என்று சொன்னால் உடனே வந்து நிற்கிறார்கள், படத்துக்காக நின்றாலும் வாய் தானாக வாங்க என்று சொல்லிவிடுகிறது. ஒருவரும் வராத வீட்டில் நானே கேட்டுவிடுகிறேன். வேலை இல்லாத பகலில் கடையில் அந்தப் பழைய பதிவை ஓடவிடுவதுண்டு. மணமேடை வரும், தோரணம் வரும், நாதஸ்வரம் வரும். காய்த்துப் போன அந்த உள்ளங்கை வந்து திரையை மூடும். ஏலே வீடியோ, அங்கிட்டு ஒதுங்கு என்று அவர் சொன்னதும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கித்தான் உட்காருகிறேன்.